அடித்தட்டில் நாற்பத்தாறு பேர்

போன வாரம் என் அண்ணன் மகன் ஒரு காரியம் செய்தான். என்னை ஒரு பயிற்சி வகுப்புக்கு அழைத்துக்கொண்டு போனான்.

அவன் ஓர் அரசு நிறுவனத்தில் ஆபீஸர். பூந்தமல்லி பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, அவர்கள் ஊழியர்களுக்கு ‘ரிஸ்க் மேனேஜ்மெண்ட்’ சொல்லிக்கொடுத்தார்கள். “ரிட்டயர் ஆனவங்க யாராவது பத்து நிமிஷம் பேசினா நல்லா இருக்கும் அத்தை. சும்மா வாங்க, சாப்பாடு பிரமாதமா இருக்கும்” என்றான். சாப்பாடு என்றால் நான் எந்த ரிஸ்க்கும் எடுப்பேன் என்பது வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரியாதா?

டை கட்டிய ஓர் இளைஞர் ஓவர்ஹெட் புரொஜக்டரில் படம் போட்டு விளக்கினார். சிவப்புக் கட்டம் என்றால் உடனே கவனி. மஞ்சள் என்றால் யோசி. பச்சை என்றால் கவலைப்படாதே. ‘மின்வெட்டு’ பச்சைக் கட்டத்தில் இருந்தது. அவர் அதைக் குச்சியால் தொட்டுக் காட்டினார் பாருங்கள்... கரண்ட் போய்விட்டது.

படம் நன்றாகத் தெரிய வேண்டுமென்று ஜன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். பட்டப்பகலில் எண்பது பேர் கும்மிருட்டில். ஒருவரிடமும் டார்ச் இல்லை. நான் சிரித்துவிட்டேன். லேசாக இல்லை, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி. “ஏன் அத்தை மானத்தை வாங்கறீங்க?” என்று பக்கத்திலிருந்து அவன் பல்லைக் கடித்தான்.

அந்த டை கட்டிய பிள்ளையைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. நானும் ஒரு காலத்தில் திட்டம் போட்டவள். அந்தக் கதையை அந்த மேடையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில், ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் இடையே ஓர் அரசு அலுவலகத்தில் எஸ்டாபிளிஷ்மெண்ட் செக்‌ஷன் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். யாருக்கு எத்தனை நாள் லீவு, யாருக்கு எப்போது புரமோஷன், யார் எப்போது ரிட்டயர்... இதெல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகும்.

எங்களுக்கு மேலே சூப்பிரண்ட் சார். சிவப்பிரகாசம் என்று பெயர். நல்ல மனுஷர். ஆனால் எதுவாக இருந்தாலும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அஞ்சு காலம் பிரித்து எழுதினால்தான் அவருக்கு மனசு ஆறும். ஆபீஸ் பிக்னிக்குக்கே ‘வரிசை எண், பெயர், கொண்டு வரும் பொருள், அளவு, குறிப்பு’ என்று போட்டவர்.

அவர் கையில் ஒருநாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. ஒவ்வொரு அலுவலகமும் பத்து நாளுக்குள் ‘இடர் தடுப்புத் திட்டம்’ தயாரித்து அனுப்ப வேண்டும். கேட்க வேண்டுமா? சாருக்குத் தீபாவளி முன்னாடியே வந்துவிட்டது. உடனே ஒரு கமிட்டி போட்டார். அவர் தலைவர், நான் உறுப்பினர், ஸ்டோர் கீப்பர் ஆரோக்கியசாமி இன்னொரு உறுப்பினர்.

ஆரோக்கியசாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த டிசம்பர் கடைசியில் அவர் ரிட்டயர் ஆகிறார். முப்பத்துமூன்று வருஷ சர்வீஸ், ஐந்து ஊரில் வேலை. தினமும் காலையில் என் மேஜைக்கு வருவார். “என் புக்கு இருக்கா மேடம்?” என்பார். “ராத்திரி கால் முளைச்சு எங்கேயும் போகலை சார், இருக்கு” என்பேன். சிரித்துக்கொண்டே ஸ்டோருக்குப் போய்விடுவார். இது எங்களுக்குள் காலை வணக்கம் மாதிரி.

புக்கு என்றால் சர்வீஸ் ரிஜிஸ்டர். அரசு வேலையில் இருந்தவர்கள் இந்தப் பாராவைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: வேலையில் சேர்ந்த நாளிலிருந்து உங்கள் பிறந்த தேதி, படிப்பு, எங்கெங்கே வேலை பார்த்தீர்கள், எத்தனை நாள் லீவு போட்டீர்கள், எல்லாம் ஒரே ஒரு நோட்டுப் புத்தகத்தில் பதிவாகும். இரண்டாவது காப்பி கிடையாது. ரிட்டயர் ஆகும்போது அதைச் சரிபார்த்துத்தான் பென்ஷனுக்கு எழுதுவார்கள். அது தொலைந்தால்? எங்களுக்குத் தெரிந்த ஒருத்தருக்குத் தொலைந்தது. பாவம், ரிட்டயர் ஆன பிறகு நாலு வருஷம் பழைய ஆபீஸ் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, ‘இவர் இங்கே வேலை பார்த்தது உண்மைதான்’ என்று எழுதி வாங்கிக்கொண்டிருந்தார். அந்த மனுஷர் ஆரோக்கியசாமியின் நண்பர். அதனால்தான் தினமும் அந்த விசாரணை.

சரி, கமிட்டிக்கு வருவோம்.

தலைமை அலுவலகம் அனுப்பிய மாதிரிப் படிவத்தில் தீ, பூகம்பம், எதிரிநாட்டுத் தாக்குதல், தொற்றுநோய், வனவிலங்கு என்று வரிசையாக இருந்தது. வனவிலங்கு எதற்கு என்று கேட்டேன். “மலைப் பக்கத்து ஆபீஸுக்கும் இதே ஃபாரம்தாம்மா. நாம எடுக்கக் கூடாது” என்றார் சார். சும்மா விட மனசில்லாமல், காம்பவுண்டுக்குள் மேய வருகிற எருமை மாடுகளை அதில் சேர்த்தார். பொறுப்பாளர்: வாட்ச்மேன்.

ஆறாவதாக வெள்ளம். சார் அலமாரியைத் திறந்து பழைய கோப்புகளைப் புரட்டினார். பதினைந்து வருஷத்துக் கோப்பில் தண்ணீர் வந்ததாக ஒரு வரி இல்லை. ‘நிகழ வாய்ப்பு: மிகக் குறைவு’ என்று எழுதினார்.

அப்போதுதான் டீ கொண்டு வந்தார் கன்னியம்மா. நூம்பலிலிருந்து வருகிறவர். கூட்டுவது, துடைப்பது, டீ வாங்கி வருவது, சாயங்காலம் கதவு ஜன்னல் சாத்துவது எல்லாம் அவர்தான். என் வயதுதான் இருக்கும். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே டம்ளரை வைத்தவர், “சார், தண்ணியப் பத்தி எழுதிகினீங்களா? கீழ ரெக்கார்டு ரூமுல மழை வந்தா தண்ணி பூந்துடுது. பின்னாடி செவுரு கட்டினாங்கல்ல, அப்பலேர்ந்து போக வழியில்ல” என்றார்.

சார் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “தண்ணி வந்ததுன்னு எழுத்துல ஏதாவது இருக்காம்மா?”

“நான் தொடைக்கிறேனே சார்.”

“நீ துடைக்கிறது சரிம்மா. புகார் ஏதாவது ரெக்கார்டுல இருக்கா?”

கன்னியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கே போய்ப் புகார் கொடுப்பார்? எட்டு மணிக்கே வந்து, நாங்கள் பத்து மணிக்கு வருவதற்குள் துடைத்துவிடுவார். அதனால் நாங்கள் ஒருநாளும் ஈரத்தைப் பார்த்ததில்லை. அவர் வேலையை ஒழுங்காகச் செய்ததாலேயே அது கோப்பில் ஏறவில்லை! இதெல்லாம் இப்போது எனக்குப் புரிகிறது. அன்றைக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சரி கன்னியம்மா, அடுத்த வருஷத் திட்டத்துல பார்த்துக்கலாம்” என்றேன். அதுவும் ஒரு பெரிய மனுஷி தோரணையில்.

“நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியும்” என்று காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கமிட்டி தீயைப் பிடித்துக்கொண்டது. சர்வீஸ் ரிஜிஸ்டர்கள் எல்லாம் மாடியில், மர அலமாரியில் இருந்தன. பக்கத்துச் சுவரில் ஸ்விட்ச் போர்டு. அது அவ்வப்போது படபடவென்று பொறி விடும். ‘தீ: நிகழ வாய்ப்பு மிக அதிகம். பாதிப்பு மிக அதிகம். நடவடிக்கை: ரிஜிஸ்டர்களைக் கீழ்த்தள ரெக்கார்டு ரூமில் உள்ள இரும்பு ரேக்குக்கு மாற்றுதல்.’ ‘பொறுப்பாளர்’ என்ற காலத்தில் என் பெயர்.

நான் என்ன சாதாரண ஆளா? தீ எப்போதும் மேல்நோக்கித்தானே போகும் என்று யோசித்து, ரேக்கின் அடித்தட்டைக் காலி பண்ணச் சொன்னேன். நாற்பத்தாறு ரிஜிஸ்டர்களையும் நானே நின்று அங்கே அடுக்க வைத்தேன். மறுநாள் காலை ஆரோக்கியசாமி வந்து பார்த்துவிட்டு, “கீழ்த் தட்டுலயா மேடம்?” என்று தயங்கினார்.

“இரும்பு ரேக் சார். தீ பிடிக்காது. நிம்மதியா ரிட்டயர் ஆகுங்க.”

அவரும் நம்பினார்.

திட்டம் நாற்பத்திரண்டு பக்கம் வந்தது. ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் போட்டு, ஐம்பது காப்பி எடுத்தோம். என் விரலில் மை போக மூன்று நாள் ஆனது. சாருக்கும் மேலே இருந்த ஆபீஸர் கையெழுத்துப் போட்டதும் கொஞ்சம் காப்பிகள் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும், மிச்சம் ஒவ்வொரு செக்‌ஷனுக்கும். அதுவரை கட்டுக் கட்டாகக் கட்டி ரெக்கார்டு ரூமில் வைத்தோம். கையில் ஒன்று இருக்கட்டும் என்று சார் மட்டும் ஒரு காப்பியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

நவம்பர் வந்தது. மழையும் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் வானம் அப்படியே இருட்டிக்கொண்டு வர, பஸ் நின்றுவிடுமோ என்ற பயத்தில் எல்லோரும் நாலு மணிக்கே கிளம்பிவிட்டோம். ரெக்கார்டு ரூமை எப்போதும் சார்தான் பூட்டுவார். அன்றைக்கு அவருக்கும் அவசரம். “கன்னியம்மா, ஜன்னலெல்லாம் சாத்திட்டு, பூட்டி, சாவியை பஸ் ஸ்டாப்புல கொண்டாந்து குடு” என்று சொல்லிவிட்டுக் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். அவருக்கு மாங்காடு வரை போக வேண்டும். பஸ்ஸுக்காக அரைமணி, முக்கால் மணி நிற்க வேண்டியிருக்கும்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடித்து ஊற்றியது. எங்கள் குவார்ட்டர்ஸில் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வெங்காய பஜ்ஜி சாப்பிட்டேன். ரிஜிஸ்டர் ஞாபகம் எனக்கு வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரர், “உங்க ஆபீஸ் பள்ளத்துலதானே இருக்கு?” என்று சாதாரணமாகக் கேட்டார். கையிலிருந்த பஜ்ஜி அப்படியே நின்றுவிட்டது.

திங்கட்கிழமை மழை விட்டிருந்தது. பாதி தூரம் பஸ், பாதி தூரம் நடை. ஒன்பது மணிக்கே போய்விட்டேன். காம்பவுண்டுக்குள் முழங்கால் தண்ணீர். எனக்கு முன்னாலேயே ஆரோக்கியசாமி பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு ரெக்கார்டு ரூம் கதவுக்கு முன்னால் நின்றிருந்தார். கதவில் பெரிய பூட்டு. சாவி மாங்காட்டில்.

டூப்ளிகேட் சாவி? இருந்தது. திட்டத்தில் அதற்கும் வழி செய்திருந்தோம். ‘மாற்றுச் சாவி பாதுகாப்பான இடத்தில் வைக்கப்படும்.’ நாங்கள் முடிவு செய்த பாதுகாப்பான இடம், அந்த ரெக்கார்டு ரூம்தான்.

பூட்டை உடைக்கலாமே என்பீர்கள். யோசித்தோம். உடைக்க ஆபீஸரின் எழுத்து உத்தரவு வேண்டும். ஆபீஸர் வெளியூர் கேம்ப் போயிருந்தார், போன் செத்துக்கிடந்தது. அரசு ஊழியர்களான நாங்கள் இரண்டு பேரும் முழங்கால் தண்ணீரில் நின்றபடி உத்தரவு இல்லையே என்று பேசிக்கொண்டிருந்தோம்.

ஆரோக்கியசாமி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “அந்த அஞ்சு ஆபீஸ்ல ரெண்டு இப்போ இல்லவே இல்லை மேடம். மூடிட்டாங்க. யாருகிட்ட போய் எழுதி வாங்குவேன்?” என்று மட்டும் கேட்டார். அழுதேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த அழுக்குத் தண்ணீரில் நின்றுகொண்டு மூக்கைச் சிந்தி அழுதேன். ஒரு மனுஷருடைய முப்பத்துமூன்று வருஷத்தைத் தண்ணீருக்குள் அடுக்கி வைத்தவள் நான்தானே?

பன்னிரண்டு மணிக்கு சூப்பிரண்ட் சார் வந்தார். குமணன்சாவடி வரை நடந்து, அங்கிருந்து ஒரு செங்கல் லாரியில் ஏறி வந்திருக்கிறார். வேட்டியை மடித்துக் கட்டி, தலைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பையைப் பிடித்திருந்தார். உள்ளே அவருடைய திட்டக் காப்பி. நனையாமல் கொண்டு வந்துவிட்டார்!

சாவியைப் போட்டுக் கதவைத் தள்ளினோம். திறக்க மாட்டேன் என்றது. மூன்று பேரும் தோளால் முட்டித் திறந்தோம். உள்ளே வாசலை அடைத்த மாதிரி என்னவோ கட்டுக் கட்டாக ஊறி உப்பிக் கிடந்தது. அதைத் தாண்டி உள்ளே போனால், அங்கேயும் தண்ணீர். அடித்தட்டு முழுக்கத் தண்ணீருக்குள்.

ஆரோக்கியசாமி குனிந்து கையை விட்டுத் துழாவினார். நிமிர்ந்தார். “ஒண்ணுமே இல்லை மேடம்.”

நானும் துழாவினேன். ஒரு புத்தகம்கூட இல்லை. கரைந்தே போயிற்றா? நாற்பத்தாறு தடிப் புத்தகம் இரண்டு நாளில் கரையுமா? சார் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆரோக்கியசாமி வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கன்னியம்மா தண்ணீரைத் தள்ளியபடி வந்தார். வேலப்பன்சாவடியில் ரோடே தெரியவில்லையாம். படியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, “இன்னா சார், இங்க குந்தினு கீற?” என்றார்.

“என் புக்கு போச்சு கன்னியம்மா.”

“எங்க போச்சு? மேலதான் கீது, மர பீரோவுல. எட்த்த எடத்துலயே வச்சிட்டேன். வெள்ளிக்கெயம வானத்தப் பாத்தேன், பயமாப் போச்சு. அதான் முந்தானையில கட்டி கட்டி ஏத்திட்டேன்.”

ஆரோக்கியசாமி படியேறி ஓடினார். ரிட்டயர் ஆக நாற்பது நாள் இருந்த மனுஷர் இரண்டு இரண்டு படியாகத் தாவியதை நான் என் கண்ணால் பார்த்தேன். அவர் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். காய்ந்த புத்தகம். ஒரு மூலைகூட நனையவில்லை.

“எல்லாத்தையும் ஏன் தூக்கினே? அவரோடதை மட்டும் எடுத்து வெச்சிருந்தாலே போதுமே” என்றார் சார். சாருக்கு அந்த நேரத்திலும் அஞ்சு காலம் வேண்டும்.

“எது அவருதுன்னு எனக்கு இன்னா தெரியும் சார்? அதான் அல்லாத்தையும் தூக்கினு போனேன்.”

படிக்கத் தெரிந்த நாங்கள் எது முக்கியம், எது அதைவிட முக்கியம் என்று பத்து நாள் பட்டியல் போட்டோம். அவர் அரைமணி நேரத்தில் எல்லோரையும் மாடிக்கு ஏற்றிவிட்டார்.

“முன்னாடியே எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே?” என்றேன் நான், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

“சொன்னேனே மேடம். அட்த்த வருசம்னியே.”

தண்ணீர் எந்த மூலையில் தேங்கும் என்று துடைக்கிறவரைக் கேட்காமல் கோப்பைக் கேட்கிற புத்தி, என் முப்பது வருஷ சர்வீஸில் நான் பார்த்த எல்லா ஆபீஸிலும் இருந்தது. பெரிய ஆபீஸ் என்றால் கோப்பு தடியாக இருக்கும், அவ்வளவுதான்.

சார் திடீரென்று, “அது சரி, கதவுகிட்ட அடுக்கி வெச்சிருந்ததே, அது என்னம்மா?” என்றார்.

“தண்ணிக்கு அணை கட்டினேன் சார். சாக்கு கெடைக்கல. கட்டு கட்டா சும்மா கெடந்துச்சு, கெட்டியா இருந்துச்சு. பின்னாடி ஜன்னல் வழியா எகிறி வெளிய வந்து பூட்டினேன்.”

நாற்பத்தொன்பது காப்பி! சாரின் முகத்தைப் பார்த்தேன். கோபமா, அழுகையா என்று தெரியாத ஒரு நிலை. பிறகு மெதுவாக, “எவ்வளவு நேரம் தாங்கியிருக்கும்?” என்று கேட்டார்.

“ஒரு நாள் தாங்கியிருக்கும் சார். நல்ல கனம்.”

ஆரோக்கியசாமிதான் முதலில் சிரித்தார். அப்புறம் நான். கடைசியில் சாரும். தலைமை அலுவலகத்துக்கு அவர் எழுதிய அறிக்கையில் ஒரு வரி இன்னும் எனக்கு மனப்பாடம்: ‘இடர் தடுப்புத் திட்டத்தின் நாற்பத்தொன்பது பிரதிகளும் வெள்ளத் தடுப்புப் பணியின்போது சேதமடைந்துவிட்டன.’ ஒரு வார்த்தை பொய் இல்லை.

டிசம்பர் கடைசி நாள் ஆரோக்கியசாமி மாலையும் சால்வையுமாக ரிட்டயர் ஆனார். புத்தகம் சரிபார்க்கப்பட்டு, முத்திரை குத்தி, பென்ஷனுக்குப் போய்விட்டிருந்தது. பிரிவு உபசார விழாவில் எல்லோரையும் பற்றிப் பேச வேண்டுமென்று எழுதி வைத்திருந்தார். கன்னியம்மா பெயர் வந்த இடத்தில் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, அவர் இருந்த பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். கன்னியம்மா பின்வரிசையில் கேசரிப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தவர், “இன்னா சார் நீ” என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

பொங்கல் கழிந்து கமிட்டி மறுபடி கூடியது. சூப்பிரண்ட் சார் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, கன்னியம்மாவை உட்காரச் சொன்னார். உட்காரவே மாட்டேன் என்றார். நாங்கள் விடவில்லை. நுனியில் உட்கார்ந்தவர், பேச ஆரம்பித்ததும் நிறுத்தவில்லை. ஸ்விட்ச் போர்டில் எந்தப் பொத்தானை அழுத்தினால் ஷாக் அடிக்கும், எந்தப் படி ஆடுகிறது, எந்த ஓட்டை வழியாக எலி வருகிறது... சார் நாலு பக்கம் எழுதினார். கடைசியாக வெள்ளம். ஸ்கேலை வைத்துக் கோடு போட்டுக்கொண்டு, “சரி, இது மறுபடி நடக்காம இருக்க என்ன பண்ணணும், நீயே சொல்லும்மா” என்றார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு கூச்சம். அந்த நாற்பத்தாறு புத்தகத்தில் என்னுடையதும் ஒன்று. இன்றைக்கு மாதம் பிறந்தால் எனக்குப் பென்ஷன் வருகிறதே, அது அந்த முந்தானையில் ஏறிப் போன பென்ஷன்.

கன்னியம்மா யோசித்தார். என்னைப் பார்த்தார். சாரைப் பார்த்தார்.

“இந்த மேடத்த மட்டும் கீய் தட்டாண்ட உடாதீங்க சார்.”

சார் அதை அப்படியே ‘நடவடிக்கை’ என்ற காலத்தில் எழுதிக்கொண்டார்.